கூடைச் சின்னம்

எஸ்தர் தன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும், தேர்தல் சாமான் சேர்க்கும் அண்ணாச்சி குனிந்து உள்ளே பார்த்தார்.

வீட்டை இடிக்கப் போகிறார்களாம். பழைய தேர்தல் சாமான் எது கிடந்தாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர் வந்தது ஒரே ஒரு நோட்டீசுக்காக.

தன் வீட்டில் நான்கு பீரோ நிறைய வைத்திருக்கிறார். கொடி, பேட்ஜ், மை காய்ந்த வாக்காளர் சீட்டு. தேர்தல் வந்தால் மற்றவர்கள் ஓட்டுக் கேட்டு அலைவார்கள், இவர் நோட்டீஸ் கேட்டு அலைவார். பைத்தியம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த ஒன்று மட்டும் யாரிடமும் அகப்படவில்லை.

எண்பத்தாறு, பேரூராட்சித் தேர்தல். ஆறாவது வார்டில் எஸ்தரின் அப்பா தேவசகாயம் சுயேச்சையாக நின்றார். கூடைச் சின்னம். சின்னத்தின் படத்தை அச்சடிக்கும் பிளாக் வந்து சேரவில்லை, வெறும் எழுத்துதான்.

அச்சுக் கோத்தது இவர். கல்யாணமாகி இருபது நாள். கை எழுத்துப் பெட்டியில் இருந்தது, மனசு வீட்டில் இருந்தது. என்ன சுகமான நாட்கள் அவை.

ஆயிரம் நோட்டீசைக் கட்டிக் கொடுத்தனுப்பிய பிறகு, மீந்த தாளில்தான் பார்த்தார்.

'குடைச் சின்னத்தில் முத்திரையிடுங்கள்.'

கூ இருக்க வேண்டிய இடத்தில் கு.

அதே வார்டில் குடைச் சின்னத்திலும் ஒருவர் நின்றார்.

தாளை டீக்கடை அடுப்பில் போட்டார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். பார்க்கப் பயந்து, ஓட்டு முடியும்வரை அந்த வார்டுப் பக்கமே போகவில்லை.

தேவசகாயம் பதினொரு ஓட்டில் தோற்றார். குடைக்கு அறுபத்து மூன்று. அதில் எத்தனை கூடைக்கு விழ வேண்டியது?

இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே அவருக்குத் தலை நரைத்தது. தேவசகாயத்தைத் தெருவில் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுவார். சாவுக்கும் போகவில்லை.

பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு பழுப்புத்தாள் கட்டு.

சணல் முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது. இடக்கைக்காரர் முடிச்சு. அவர் போட்டதுதான்.

யாரும் பிரிக்கவே இல்லை.

கட்டின்மேல் அடையாளத்துக்காக ஒட்டிய நோட்டீசில், யாரோ பேனாவால் கு-வைக் கூ-வாக்கப் பார்த்திருந்தார்கள். ஒரு தடவை முயன்று விட்டுவிட்டார்கள்.

"அப்பா அன்னைக்கே பாத்துட்டாங்க அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். "சித்தப்பா பிரஸ்ஸுக்குச் சண்டைக்குக் கெளம்பினாங்க. அப்பா விடல. 'எழுத்துக் கோக்குற தம்பிக்கு இப்பதான் கல்யாணம் ஆயிருக்கு, சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்க'ன்னு பெட்டில வச்சுப் பூட்டிட்டாங்க. நோட்டீஸே இல்லாம வாயாலயே ஓட்டுக் கேட்டாங்க."



கட்டைப் பிரித்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வைத்தாள்.

முடிச்சைத் தடவிப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இறுக்கமாக இருந்தது.

கத்தரிக்கோலை நகர்த்தி வைத்தார்.

பிறகு, அப்பாவின் கல்லறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.