இரண்டாவது ‘நற’

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘பல்லை நறநறவென்று கடித்தான்’ என்ற வரியில் ஒரு ‘நற’வை அச்சுப்பிழை என்று வெட்டிவிட்டேன். அது இரட்டைக்கிளவி, சேர்ந்தேதான் வரும் என்று பதிப்பாசிரியர் எழுதிக் காட்டினார். ஏன் என்று எழுதவில்லை.

இருபது வருடம் கழித்து, கடைவாய்ப்பல் உடைந்து கேப் போடப் போனேன். என் போன்றவர்களுக்கு இப்போதெல்லாம் பல் வழியாகவே கேட்க வைக்கும் கேப்தான் போடுகிறார்கள்.

பொருத்தி முடித்ததும் டாக்டர் எமரன்சியா கடி பதியும் நீலத்தாளைப் பல்லிடுக்கில் வைத்தார். வெளிச் சத்தம் வரும்படி கேப்பை அவர் இன்னும் திறந்துவிடவில்லை; அவர் உதட்டைப் படித்தேன். “கடிச்சு நல்லா அரைங்க. எங்க இடிக்குதுன்னு பாப்போம்.”

அரைத்தேன். மண்டைக்குள் ஏதோ எழுந்தது. பயந்து நிறுத்தினேன். அதுவும் நின்றது. மறுபடி அரைத்தேன். ஒன்று வந்தது. அது அடங்குவதற்குள் அதே போல இன்னொன்று வந்தது.

“ரொம்ப இடிக்குதாம்மா? ஏன் அழறீங்க?”

அவருடைய பேனாவை வாங்கி, மருந்துச்சீட்டின் ஓரத்தில் ‘நற’ என்று எழுதினேன். அன்றைக்கு வெட்டியதை அதன் பக்கத்திலேயே எழுதினேன்.