நோர்வேக்காரி

காலை ஒன்பதரை மணி. எட்டுப் பேர். பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் பெயர் கிறிஸ்ரினா.

எட்டுப் பேரும் வால்டோர்ஃபில் ஒரே மென்பொருள் அலுவலகம். ஜெர்மனியின் தென்கோடி மலைக்கு வாரக்கடைசிச் சுற்றுலா வந்திருந்தார்கள். போன வாரம்தான் மற்ற ஏழு பேருக்கும் மேனேஜர் ஆன பாரத், பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் காலைத் திணித்தபடி, போனில் மனைவி நடாலியிடம் தமிழில் அழாக்குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"சத்தியமா பயமா இருக்கு நடாலி. மலையை நிமிர்ந்து பார்க்கவே முடியல. டீம் முன்னாடி விழுந்து வாரினேன்னா, திங்கட்கிழமை எவன் என்னை மதிப்பான்?"

போனை வைத்தபிறகுதான் கவனித்தார். குனிந்து அவருடைய பூட்ஸ் கொக்கியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்த கிறிஸ்ரினா நம்ம ஊர் நிறம். பேசியதெல்லாம் புரிந்திருக்குமோ?

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரியாது. நான் நோர்வே. குளிர்காலம் முடியும்வரை இங்கே வேலை."

"அப்பா, அம்மா?"

"அவர்களும் நோர்வேதான்."

பாரத்துக்கு நிம்மதி. கூடவே எரிச்சல். நிறம் மட்டும் நம்முடையது, பேச்சைப் பார்த்தால் பனிக்கரடிக்குப் பேத்தி. போகட்டும், டீமிலும் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது, இனி வாய்விட்டுத் தமிழில் புலம்பலாம்.

புலம்பினார். மலை மேலே ஏற்றும் கம்பி லிஃப்டைக் கண்டதும், "ஐயோ, இதுல தொங்கிக்கிட்டா போகணும்? எனக்குத் தலை சுத்துமே" என்றார். மேல் சரிவில் பனி இறுகிக் கிடக்கிறது, குழந்தைகள் சரிவிலேயே பழகலாம் என்று கிறிஸ்ரினா அறிவித்துவிட்டாள். டீம் முணுமுணுத்தது. சற்று நேரம் கழித்து, ஒன்றுக்கு முட்டுகிறதே, சின்னப் பையன் மாதிரி எப்படிக் கேட்பது என்று அவர் தமிழில் முணுமுணுத்துத் தவித்தபோது, தன் பூட்ஸ் கடிக்கிறது என்று சொல்லி அவளே எல்லோருக்கும் இடைவேளை விட்டாள்.

கழிப்பறை வாசலிலிருந்து பாரத் நடாலிக்குச் செய்தி அனுப்பினார்: "டீச்சர் சரியான சோம்பேறி."

மறுநாள் மாலை கடைசிப் பாடம். ஒவ்வொருவராகச் சறுக்கி இறங்க வேண்டும். இறங்கியவர்கள் கீழே போனும் கையுமாக நின்றார்கள். பாரத்தான் கடைசி. மேலே அவரும் கிறிஸ்ரினாவும் மட்டும்.

"செத்தேன். நடுவுல விழத்தான் போறேன். எல்லாரும் வீடியோ எடுக்கறானுங்க" என்றார், தனக்குத்தானே.

"நான் முன்னால் போகிறேன். பின்னாலேயே வாருங்கள்" என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

பாதிச் சரிவில் அவள் விழுந்தாள். சாதாரணமாக இல்லை. கால் ஒரு பக்கம், சறுக்குக் கட்டை ஒரு பக்கம், தொப்பி எங்கோ. ஓர வேலிவரை உருண்டு போனாள். ஏழு போன்களும் அவள் பக்கம் திரும்பின. ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பாரத்தும் விழுந்தார், உட்கார்ந்தபடியே வழுக்கிக் கீழே வந்தார், எழுந்து பின்புறப் பனியைத் தட்டிக்கொண்டார். ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

கிளம்புமுன், பனிச்சறுக்குப் பள்ளியின் தலைவரைத் தேடிப்போய் மேனேஜர் தோரணையில் சொன்னார்.

"இரண்டு நாளும் சாக்குப்போக்குதான். குழந்தைகள் சரிவிலேயே நிற்கத் தெரியாதவளை எப்படி வேலைக்கு வைத்தீர்கள்?"

தலைவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். கவனக்குறைவு, தன் தப்புதான் என்றாள். இனி பாடம் வேண்டாம், பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கவுன்டரில் நில் என்றார் அவர். சரி என்று தலையாட்டினாள். பாரத்துக்கு, ஒரு நிர்வாகக் கடமையைச் செய்த திருப்தி.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. ஐரோப்பாவிலுள்ள தமிழர்கள் கூடும் கெவலார் மாதா கோயிலுக்கு நடாலி அவரை இழுத்துக்கொண்டு போனாள். திருப்பலியில் முதல் வாசகத்தைப் பிசிறில்லாத தமிழில் வாசித்தவள் கிறிஸ்ரினா. பூசை முடிந்து வெளியே, "ஓம் மாமி, வாறன், நில்லுங்கோ" என்று யாருக்கோ சொல்லியபடி திரும்பியவள் பாரத்தைக் கண்டாள். உடனே ஆங்கிலத்துக்கு மாறி, நலம் விசாரித்தாள்.