சற்குணம் குறைத்த இரண்டு கிலோ

சற்குணத்தின் இடுப்பைச் சுற்றிக் குடியிருந்த கொழுப்புக்கு எந்தக் கவலையும் கிடையாது. அவருடைய நடைப்பயிற்சி சங்கத்தில் ஞாயிறுதோறும் எடை பார்ப்பார்கள். எடை கூடியிருந்தால், "எனக்கு எலும்பு கனம்" என்று சொல்லிவிடுவார். எலும்பு கூச்சத்தில் குறுகிப் போகும்.

இந்த வாரம் சற்குணம் சனிக்கிழமையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. ஞாயிறு காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்தை எட்டுச் சுற்று ஓடினார். வேர்த்துக் கொட்டியது.

"இந்த உடம்புல பாதிக்கு மேல நான்தான். என்னையே துரத்துறாரே," என்று போகிற போக்கில் அழுதது தண்ணீர்.

"பதறாதே. மத்தியானத்துக்குள்ள அவரே கூப்பிடுவார்," என்றது கொழுப்பு, அசையாமல்.

எடை மிஷின் இரண்டு கிலோ குறைந்திருப்பதாகக் காட்டியது. "கொழுப்பைக் கரைச்சுட்டேன்," என்றார் சற்குணம். எல்லோரும் கைதட்டினார்கள்.

"உன்னைக் கரைச்சுட்டாராமே," என்றது எலும்பு.

"போன வாரம் உன்மேல பழி போட்டார். இந்த வாரம் என் முறை," என்றது கொழுப்பு.

எதிரே இருந்த ஓட்டலில் சற்குணம் ஒரு ஜக்குத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தண்ணீர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு நெய் ரோஸ்ட்டும் வந்தன.

கொழுப்பு சற்று நகர்ந்து இடம்விட்டு, "வாங்க, நம்ம வீடுதான்," என்றது.