தொண்ணூறாவது நோயாளி

நற்பிட்டிமுனை கச்சிமுகம்மது அவர்கள், வயது அறுபத்து மூன்று, எவரிடமும் பாடம் கேளாமல் தாமே கணினி மொழி கற்றுத் தேர்ந்தவர். கல்முனையில் டொக்டர் நல்லரெத்தினத்தின் டிஸ்பென்சரியில் நோயாளரைப் பதியும் மென்பொருள் அவர் கைப்பட எழுதியது.

ஆகவேதான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"டொக்டர், பேர் பதியுற உங்கட பஸ்மினாவ வேலையால நிப்பாட்டுங்க. ஒவ்வொரு நாளும் தொண்ணூறாவது ஆளோட புறோகிறாமை மூடிப்போடுறா. தேத்தண்ணி குடிக்கவாம்! சனம் காத்துக் காயுது. பேர் கெடுறது எனக்கு!"

"பொறுங்க காக்கா," என்று அண்ணன் முறை சொல்லி அமர்த்தினார் டொக்டர். "மெசின் சூடாகுது, ஆற விடோணும் எண்டு சொன்னா. நான் ஃபேனும் வாங்கிக் குடுத்தன்."

"பொய்! எண்ட புறோகிறாம் பத்து நாளைக்கும் மூடாம ஓடும்."

"இண்டைக்கு ஓடட்டும் பாப்பம். ஓடினா, நாளைக்கு அவ வரத் தேவையில்ல."

கச்சிமுகம்மது கதிரையை இழுத்துப் பஸ்மினாவின் அருகில் அமர்ந்தார். தொண்ணூறு வந்தது. அவள் கை நகர்ந்தது.

"கைய எடு புள்ள!"

"சாச்சா, ஒருக்கா மூடித் திறப்பம்..."

"உன்ட தேத்தண்ணி ஆறட்டும்!"

தொண்ணூற்றெட்டில் திரை உறைந்தது.

"மறுகா என்னவாம்?" என்று வரிசையில் ஒரு குரல் சலித்தது.

அவர் தம் மடிக்கணினியைத் திறந்து, தாம் எழுதியதை வரி வரியாகப் படித்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சாளரம் திறக்கும். மூடினால் அது கண்ணுக்கு மறையுமே தவிர, நினைவகத்தை விட்டு நீங்காது. நீக்கும் கட்டளையை அவர் எழுதவே இல்லை. காலை முதல் திறந்த தொண்ணூற்றெட்டும் உள்ளே குந்தியிருந்தன.

அவருக்கு வியர்த்தது.

"மூணு மாசமாத் தெரியும், சாச்சா," என்றாள் பஸ்மினா மெதுவாக. "நூறு வரக்குள்ள இறுகும். மூடித் திறந்தா திரும்ப ஓடும். டொக்டருக்குத் தெரிஞ்சா வேற புறோகிறாம் போட்டிருவார்."

டொக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன, நிண்டுட்டா?"

"சூடு, டொக்டர்," என்றவள், கணினிக்கு வாங்கிய மின்விசிறியை வியர்த்துப்போயிருந்த கச்சிமுகம்மதுவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

கச்சிமுகம்மது எழுந்து நின்றார். "சூடும் இல்ல, ஒண்டும் இல்ல. பிழை எண்ட எழுத்தில, டொக்டர்!"

வரிசை முழுவதற்கும் கேட்டது.

அன்று மாலையே அவர் நீக்கும் கட்டளையை எழுதி முடித்தார். மறுநாள் தொண்ணூறாவது நோயாளி வந்த வேளை, அவர் வாங்கிவந்த தேநீரைக் குடித்தபடி பஸ்மினா தொண்ணூற்றொன்றை அழைத்தாள்.

அந்த வேளையில் அவள் தேநீர் குடித்த முதல் நாள் அதுதான்: 2024 பெப்ரவரி 21, புதன்கிழமை.