ஒடியாத நுனி

மொட்டை மாடியில், பழைய பெயின்ட் வாளியில் தில்லைநாயகி விதை போட்டு வளர்த்த வெண்டைச் செடி முதல் காயைக் காய்த்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து காயைப் போட்டோ எடுப்பாள், தங்கைக்கு அனுப்புவாள், "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்று இறங்கிப் போய்விடுவாள்.

"என்னைப் பறிக்க அவளுக்கு மனசே வரலை, பார்த்தியா?" என்றது காய்.

"சாம்பாருக்குப் போகணும்னு ஆசைப்பட்டவன் நீ. இங்கேயே கிடந்து நாராகப் போறே" என்று முணுமுணுத்தது வாளி.

"எனக்குச் செல்லம் கொடுக்கிறா. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பிட வந்தாள். தில்லைநாயகி அவளைப் பெருமையாக மாடிக்கு அழைத்து வந்தாள். பறிக்கப் போன கை, காய்கறிக் கடைப் பழக்கத்தில் நுனியை ஒடித்துப் பார்த்தது. நுனி வளைந்ததே தவிர ஒடியவில்லை.

கடையாக இருந்தால் திரும்பக் குவியலில் போட்டிருப்பாள். இங்கே காயைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். "சரி, நீ விதைக்கு இரு" என்று காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய்தான்.

காய் சிவப்பு நூலோடு வெயிலில் தொங்கியது. வாளி அதைக் குத்திக்காட்டவில்லை.

சில நாளில் மேலே இன்னொரு காய் விரல் நீளத்துக்கு வந்தது. தில்லைநாயகி மறுபடி போனை நீட்டினாள்.

"சின்னவனே, சீக்கிரம் நுனியைக் காட்டு" என்றது நூல் கட்டிய காய்.

சின்னது நுனியை நீட்டியது. அவள் விரல் தானாக அங்கே போயிற்று.

டக்.

அந்தச் சத்தத்தில், மூத்த காயின் வயிற்றுக்குள் விதைகளெல்லாம் ஒருமுறை புரண்டு படுத்தன.