இலை இல்லாத மரம்

ரம்பம் நாலு விரற்கடை இறங்கியதும் அவள் கை நின்றுவிட்டது.

அறுத்த வாயில் வெள்ளையாக ஏதோ கசிந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது.

பால்.

“என்ன அண்ணி, மரத்துக்குப் பேறுகாலம் பாக்குறீங்களா? இழுங்க.” எதிர்ப் பிடியில் இருந்த நாத்தனார் வேதவல்லி கத்தினாள்.

அவள் இழுக்கவில்லை.

புயல் போய்ப் பத்தொன்பது நாள். கோடியக்கரையில் ஒரு மரத்திலும் இலை இல்லை. கடலை அள்ளிக்கொண்டு வந்த காற்று காட்டையே உப்பில் தீய்த்துப் போட்டிருந்தது. ஊரில் தென்னை செத்தது. முருங்கை செத்தது. அவர்கள் இரண்டு வீட்டுக் கூரையும் போன இடம் தெரியவில்லை. பாலை மரங்களும் போய்விட்டன என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

இரண்டு நாளாகப் பாதையில் விழுந்து கிடந்த வேம்பையும் வாகையையும் அறுத்தார்கள். நிற்கிற பாலை மரத்தில் ரம்பம் வைத்தது இன்றைக்குத்தான்.

அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காத மரம். இது முளைத்த காலத்தில் கரையில் தீ மூட்டித்தான் கப்பல்காரனுக்கு வழி காட்டினார்களாம். அப்புறம் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். சுனாமி அதைச் சாய்த்தது.

மரம் நின்றது.

இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் கடல். நடுவில் வெறும் மணல். இதில் நல்ல தண்ணீரை எங்கே போய்த் தேடிக் குடித்தது?

அரிவாளோடு அடுத்த மரத்துக்குப் போனாள். பட்டையில் லேசாகக் கீறினாள்.

பால்.

அதற்கடுத்ததில் கீறினாள்.

பால்.

மொத்தக் காடும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

ஏனென்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

மரம் அறுக்க அவர்களைக் கூலிக்கு வைத்த மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாள். “உசுரு இருக்குங்க.”

அவர் வெளியூர். தென்னந்தோப்பு ஆள்.

“இலை இல்லேன்னா செத்ததுதான். இருட்டுறதுக்குள்ள இந்த வரிசை சாயணும். முடியலேன்னா சொல்லு, நாளைக்கு வேற ஆள் வரும்.”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

நாளைக்கு வேலை இல்லையென்றால் கீற்று இல்லை. கீற்று இல்லையென்றால் கூரை இல்லை. மழை இன்னும் முடியவில்லை.

அவள் திரும்பி வந்தாள். ஈர மண்ணை அள்ளி, மாட்டுப் புண்ணுக்கு அப்புவதுபோல அறுத்த வாயில் அப்பினாள்.

“மோட்டார் ரம்பம் எப்ப வருதாம்?”

“அடுத்த வாரம்னாங்க. ஊரெல்லாம் மரம் கெடக்குல்ல, அதுவரைக்கும் இந்த ரம்பம் ஒண்ணுதான்,” என்றாள் வேதவல்லி.

“அதுக்குள்ள துளிர்த்துரும்.”

“எது?”

அவள் கடப்பாரையை மணலில் கிடத்தினாள். ரம்பத்தின் பல்லை அதன்மேல் வைத்தாள்.

வேதவல்லி மேஸ்திரி போன திசையைப் பார்த்தாள். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தாள்.

பிறகு எதிரில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். பிடியைப் பிடித்தாள்.

“அரைகுறையா இழுக்காதீங்க அண்ணி. ஒரு பல்லு கூரா மிச்சம் இருந்தாலும் அறுக்கச் சொல்லுவான்.”