மூன்று மஃரிப்

நோன்பு மாதத்தில், பினாங்கில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்ததும் மக்தூம் காயல்பட்டினத்திலிருக்கும் மனைவிக்குப் போன் செய்வார். "இங்க மறைஞ்சிருச்சு ருக்கையா. சூரியன உன் பக்கம் அனுப்பியிருக்கேன்."

அவருக்கு இருட்டிய பிறகும் அவள் ஜன்னலில் வெயில் மிச்சமிருக்கும். அது பனைகளுக்குப் பின்னால் இறங்கும்வரை பார்த்திருந்து, பிறகுதான் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பாள்.

இன்று அவர் போனை வைக்கத் தயங்கினார். "நீ பாத்து முடிச்சதும் அவன்கிட்ட அனுப்பிடு."

தோஹாவிலிருக்கும் மகன் சதக்கு, கல்யாணப் பேச்சில் கோபித்துக்கொண்டு, போன நோன்பிலிருந்து வாப்பாவோடு பேசுவதில்லை.

ஊரில் இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கும் சொல்லியாகிவிட்டது. தோஹாவில் இப்போதுதான் அந்தி. ருக்கையா மகனை அழைத்தாள்.

"மேக்கால பாரு சதக்கு. வாப்பா அனுப்புனது, என் வழியா வருது."

அவன் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பினாங்குல இப்ப வாப்பா தூங்கியிருப்பாங்களா உம்மா?"